நூற்று நாற்பது டாலர், கோடுகள் உட்பட

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் பாதி ஒட்டுக்கேட்டது, கால் பங்கு பிறகு கேட்டு வாங்கியது, மிச்சக் கால் பங்கு என் கைச்சரக்கு. எது எது என்று பிரித்துக் காட்ட மாட்டேன். காட்டினால் நீங்கள் கைச்சரக்கை மட்டும் சந்தேகப்படுவீர்கள். எனக்கோ ஒட்டுக்கேட்டதில்தான் சந்தேகம் அதிகம்.

போன அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை காலை, வீட்டு ஹீட்டருக்கு ஃபில்டர் வாங்க எங்கள் ஊர் ஹார்டுவேர் கடைக்குப் போயிருந்தேன். ஃபில்டர் அலமாரிக்கும், பழைய துப்பாக்கிகளை வாங்கி விற்கும் மேசைக்கும் நடுவே ஒரு வரிசை பெயின்ட் டப்பாக்கள்தான் தடுப்பு. அந்தப் பக்கம் மூன்று பேர் இருந்தார்கள். மேசைக்குப் பின்னால் டார்லா கெம்பைனன். அவள்தான் அந்த மேசையைப் பதினெட்டு வருடமாகப் பார்த்துக்கொள்கிறாள். முன்னால் எல்வுட் ஹார்யுவும் அவர் மனைவி கொரீனும். எல்வுட் எங்கள் வட்டாரச் சாலைகளில் பனி வழிக்கும் வண்டி ஓட்டி ஓய்வுபெற்றவர், வயது எழுபத்தொன்று. மேசைமேல் ஒரு மலிவு ரக வேட்டைத் துப்பாக்கி. அது இன்றைக்கு என்ன விலை போகும் என்று கேட்க வந்திருந்தார்கள்.

இவ்வளவுதான் விஷயம். ஒரு பழைய துப்பாக்கிக்கு விலை சொல்ல எவ்வளவு நேரமாகும்? பத்து நிமிடம். நான் ஒரு ஃபில்டரைக் கையில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றேன்.

2

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று தரம் ஆரம்பித்தேன்.

"துப்பாக்கி என்பது ஒரு..."

[நிறுத்திவிட்டேன். 'என்பது ஒரு' என்று போகிற வாக்கியம் பள்ளிக்கூடக் கட்டுரைக்கு ஆகும்.]

"பெரிய ஏரியிலிருந்து வந்த குளிர்காற்றில் எல்வுட்டின் கைகள் நடுங்கின..."

[நடுங்கவில்லை. நான் பார்த்தேன். மரக்கட்டை மாதிரி அசையாமல் இருந்தன. மறதி நோய் என்றால் கையும் நடுங்க வேண்டும் என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?]

"டார்லா கெம்பைனன் பொய் சொல்லத் தெரியாதவள்..."

[தெரியாதவள் இல்லை. சொல்ல மறுப்பவள். இரண்டுக்கும் நடுவில்தான் இந்தக் கதை இருக்கிறது. ஆகவே இந்த வாக்கியத்தை அடித்துவிட்டு, டார்லாவை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.]

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்த ஊரில் பத்தொன்பது வருடமாக மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். எல்வுட் என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எப்போதிலிருந்து, எத்தனை மில்லிகிராம் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதில் ஒரு சொட்டுகூட இந்தக் கதைக்குள் வராது. கொரீன் தன் வாயால் சொன்னது மட்டும் வரும்.

(மரியாதை பற்றி ஒரு வார்த்தை: எல்வுட்டுக்கும் 'அவர்', கொரீனுக்கும் 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன். யார் யாரைப் பார்த்தார் என்று எனக்கே விளங்கவில்லை. ஆகவே கொரீன் 'அவள்' ஆகிவிட்டாள். நேரில் பார்த்தால் மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன்.)

3

டார்லாவுக்கு ஐம்பத்தேழு வயது. முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கும் வேலையில் முதுகு போய், அந்தக் கடையில் நின்றபடி செய்கிற வேலைக்கு வந்தாள். வந்த புதிதில் திருகாணி விற்றாள். துப்பாக்கி மேசை ஆள் கிடைக்காமல் கிடந்ததால் அதற்கும் அவளையே நிறுத்தினார்கள். ஒரே குளிர்காலத்தில் கற்றுக்கொண்டாள்.

துப்பாக்கி விற்க வருகிறவர்கள் எல்லோரும் கூடவே ஒரு கதையையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். அப்பா வைத்திருந்தது, ஆஸ்பத்திரிச் செலவுக்கும் விற்காமல் காப்பாற்றியது, இதைக் கொண்டுதான் அந்தப் பெரிய கலைமானை... டார்லா கையை நீட்டித் தடுத்துவிடுவாள்.

"கதையை நீங்களே வச்சுக்கோங்க. அதுக்கு நான் காசு கொடுக்க முடியாது. துப்பாக்கியைக் காட்டுங்க."

அவளுடைய சித்தப்பா ஒருவர் தன் பழைய துப்பாக்கியைப் பளபளவென்று மெருகு போட்டு எடுத்துவந்தார். "அந்தப் பழைய நிறத்துலதான் சித்தப்பா விலையே இருந்துச்சு. பாதியைச் சுரண்டிட்டீங்க" என்றாள். இரண்டு கிறிஸ்துமஸுக்கு அவர் இவளோடு பேசவில்லை. மூன்றாவது வருடம் அவரே வந்தார். "வேற மூணு கடையில கேட்டேன். உன்னைவிடக் குறைச்சுதான் சொல்றானுங்க, திருட்டுப் பசங்க" என்று சொல்லித் துப்பாக்கியை அவளிடமே விற்றார். அதிலிருந்து எங்கள் பக்கத்தில் யாராவது துப்பாக்கி விலையில் சண்டை போட்டால், "டார்லா பார்த்துட்டாளா?" என்று ஒரு கேள்விதான் கேட்பார்கள்.

மலிவு ரகத் துப்பாக்கிக்கு விலை சொல்வதுதான் இந்தத் தொழிலிலேயே மனம் நோகிற வேலை என்பாள் டார்லா. உசத்தியான துப்பாக்கி வருடம் ஆக ஆக விலையைப் பிடித்து நிற்கும், சிலது ஏறவும் செய்யும். மலிவு ரகம் கடை வாசலைத் தாண்டும்போதே மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடும். அதுவும் நேராகத்தான் சுடுகிறது, அதுவும் மானை வீழ்த்துகிறது. ஆனால் புதிதே கொஞ்சம் கூடப் போட்டால் கிடைக்கும்போது பழையதை யார் தேடி வாங்குவார்கள்? "இருபது வருஷம் சோறு போட்ட சாமானுக்கு அந்த விலையைச் சொல்லும்போது என் வாயே எனக்குப் பிடிக்காது" என்றாள் என்னிடம். ஆனாலும் சொல்வாள்.

4

செவ்வாய்க்கிழமை, அதாவது அந்த வியாழனுக்கு இரண்டு நாள் முன்பு, கொரீன் கடைக்குப் போன் செய்தாள்.

[முதல் வடிவத்தில் கொரீனை அழவைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். அவள் அழவில்லை. உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டே பேசினாள், கத்திச் சத்தம் போனில் கேட்டது என்றாள் டார்லா.]

"டார்லா, எல்வுட்டை வியாழக்கிழமை கூட்டிட்டு வரேன். சும்மா விலை கேட்டுப் பார்ப்போம்னு சொல்லித்தான் கிளப்பியிருக்கேன். அறுநூறு கேட்பான். கொடுத்துடு. மேற்கொண்டு ஆகிறதை நான் தரேன்."

"எந்தத் துப்பாக்கி? கறுப்புப் பிளாஸ்டிக் பிடிக்கட்டை போட்டதா? அது இங்க வாங்கினதுதானே. புதுசுலயே, குறி பார்க்கிற ஸ்கோப்போட சேர்த்து இருநூத்து எண்பதுகூட இல்லையே, கொரீன்."

"தெரியும். நானும் கூட நின்னுதானே வாங்கினேன்."

"அப்புறம் என்ன அறுநூறு?"

கத்திச் சத்தம் நின்றது.

"போன ஞாயித்துக்கிழமை கொல்லையில, காட்டோரமா மான் வேட்டைக்குன்னு அவன் கட்டி வச்ச மறைப்புக்குள்ள போய் உட்கார்ந்துட்டான். வேட்டை சீசன் ஆரம்பிக்க இன்னும் ஒரு மாசம் இருக்கு. நான் கவனிக்கல. சாப்பிடக் கூப்பிடலாம்னு போனேன். அந்தப் பழுப்புக் கோட்டு போட்டிருந்தேன். பாதி வழியில பார்த்தா, குழல் என் பக்கம் திரும்பியிருக்கு. ஸ்கோப்புல கண்ணை வச்சுப் பார்த்துட்டிருக்கான்."

"ஐயோ கொரீன்."

"நின்னுட்டேன். அவனும் அசையல. ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் மெல்லக் கீழ இறக்கிட்டான். நான் வேற வழியா சுத்தி வீட்டுக்கு வந்துட்டேன். கொஞ்ச நேரத்துல அவனும் வந்தான், கை கழுவினான், சாப்பிட உட்கார்ந்தான். உட்கார்ந்து சொல்றான்..." இங்கே அவள் சிரித்தாள் என்றாள் டார்லா. "'இன்னிக்கு ஒரு பெட்டை மான் வந்துச்சு, கொரி. சுட மனசு வரல. அவ்வளவு அழகா இருந்துச்சு'ன்னு சொல்றான்."

(இந்த இடத்தில் நான் ஒரு பத்தி எழுதியிருந்தேன். நாற்பத்தாறு வருடத் தாம்பத்தியம், காதல், காடு என்று போயிற்று அது. அந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் எதை வைத்தாலும் அசிங்கமாக இருக்கிறது. எடுத்துவிட்டேன்.)

கொரீனின் மகள் கிரீன் பே என்ற ஊரில் இருக்கிறாள். துப்பாக்கியை எடுத்து எங்காவது ஒளித்துவைக்கச் சொன்னாளாம்.

"ஒளிச்சா தேடுவான், டார்லா. தினமும் தேடுவான். தினமும் நான் தெரியாதுன்னு சொல்லணும். அவனே வித்தான்னா நோட்டுல எழுதிக்குவான். இப்பல்லாம் எல்லாத்தையும் எழுதி வச்சுக்கிறான். 'துப்பாக்கி வித்தாச்சு, நல்ல விலை'ன்னு எழுதியிருந்தா, படிச்சுப் பார்த்துச் சமாதானமாயிடுவான். நீ சொன்னா நம்புவான். நீ பொய் சொல்ல மாட்டேன்னு ஊருக்கே தெரியும்."

"அதனால என்னையே பொய் சொல்லச் சொல்றீங்க."

"ஆமா."

டார்லா முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "கூட்டிட்டு வாங்க, பார்க்கலாம்" என்று வைத்துவிட்டாள். பிறகு ஒரு மணி நேரம் யாருக்கு என்ன ஆணி எடுத்துக்கொடுத்தாள் என்று அவளுக்கே நினைவில்லை.

5

வியாழக்கிழமை எல்வுட் சவரம் செய்துகொண்டு வந்திருந்தார். துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்து, குழல் சுவரைப் பார்க்கும்படி மேசைமேல் வைத்தார். எல்லாம் சரியாகத்தான் செய்தார்.

"இதுக்கு அறுநூறுக்குக் கீழ வாயைத் திறக்காதே, டார்லா. இருபத்திரெண்டு மான்."

"மானெல்லாம் உங்க ஃப்ரீசர்ல போயிடுச்சு, எல்வுட். துப்பாக்கி மட்டும்தானே என்கிட்ட வந்திருக்கு."

"வாய் பார்த்தியா இவளுக்கு? பனிக்காலத்துல இவ வீட்டு வாசல்ல பனியைக் குவிச்சிட்டுப் போயிருக்கணும் நான்."

"ஒவ்வொரு தரமும் குவிச்சிட்டுத்தான் போனீங்க."

கொரீன் சிரித்தாள். அவள் வலது கை கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தது. பணம் வைத்த உறை அதற்குள் இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

எந்தத் துப்பாக்கி கைக்கு வந்தாலும் டார்லா செய்கிற முதல் காரியம் ஒன்றுதான். தோட்டா அறையை மூடியிருக்கும் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்ப்பாள். அன்றைக்கும் இழுத்தாள்.

ஒரு தோட்டா துள்ளி வெளியே விழுந்தது. சுடாத தோட்டா. மேசைமேல் உருண்டது.

டார்லாவின் கை அதன்மேல் விழுந்து மூடியது. அப்படியே எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். ஒரு ரசீதை எடுத்துப் போடுவதுபோல, முகத்தில் ஒன்றும் இல்லாமல். அந்த நேரம் கொரீன் வாசல் பக்கம் யாருக்கோ தலையசைத்துக்கொண்டிருந்தாள். பார்க்கவில்லை.

எல்வுட் பார்த்தார்.

ஐம்பத்தைந்து வருடமாக வேட்டைக்குப் போகிறவர். தோட்டா ஏற்றிய துப்பாக்கியை வண்டிக்குள்ளேயே ஏற்றாதவர். ஒருமுறை வேட்டை முகாமில் அப்படிச் செய்த சொந்த மச்சானை, பதினேழு மைல் நடந்து போடா என்று இறக்கிவிட்டவர். அவர் அந்த மேசையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அதில் இப்போது ஒன்றும் இல்லை.

[இங்கே 'அவர் முகம் இடிந்தது' என்று எழுதியிருந்தேன். பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவிலிருந்து முகம் எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது தொப்பியின் பின்பக்கம். அது கொஞ்சம் தாழ்ந்தது.]

டார்லா வேலையைத் தொடர்ந்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள், பார்த்ததைச் சத்தமாகச் சொன்னாள். அது அவள் வழக்கம்.

சிறு விளக்கை வைத்துக் குழலுக்குள் பார்த்தாள். "உள்ளே சுத்திப் போற பள்ளமெல்லாம் கூர்மையா இருக்கு. துரு ஒரு பொட்டுக்கூட இல்ல. ஒழுங்கா துடைச்சிருக்கீங்க." குழல் முனையை விரல்நுனியால் தடவினாள். "இங்க அடி படல. நல்லது." நடுவில், தூக்கிப் பிடித்து நடக்கிற இடத்தில், கறுப்பு நிறம் தேய்ந்து வெள்ளை உலோகம் தெரிந்தது. எல்வுட்டின் உள்ளங்கை அகலத்துக்குச் சரியாக. "நிறம் போயிருக்கு. இது குறையும்." கட்டையின் கழுத்தில் ஒரு விரிசல், பசை போட்டு மேலே ஹாக்கி மட்டைக்குச் சுற்றுகிற டேப்பைச் சுற்றியிருந்தது. "இது நிறையவே குறையும்." ஸ்கோப்புக்குள் ஒரு ஓரம் பனி படிந்ததுபோல மங்கல். "இது கணக்குலயே வராது."

பிறகு கட்டையைத் திருப்பினாள். அடிப்பக்கத்தில் கத்தியால் கீறிய சின்னச் சின்னக் கோடுகள், ஐந்தைந்தாக.

"இது என்ன, இருபத்திரெண்டா?"

"எண்ணிப் பாரு" என்றார் எல்வுட். குரலில் பழைய முறுக்கு இல்லை.

"ஒரு கோட்டுக்கு ஒரு டாலர்னு குறைக்கணும் நியாயமா."

"கோடு போட்ட எனக்காக ஒரு டாலர்கூட ஏத்த மாட்டியா?"

"மாட்டேன்."

துப்பாக்கியைத் திரும்ப வைத்தாள். கொரீன் அவளைப் பார்த்தாள். கொரீனின் கண்ணில் இருந்ததை எழுத எனக்கு ஒரு சொல் வேண்டும், கிடைக்கவில்லை. கெஞ்சல் இல்லை அது. கெஞ்சி முடித்த பிறகு இருப்பது.

டார்லாவின் வாயில் அறுநூறு வந்து நின்றது. நிஜமாகவே நின்றது என்று சொன்னாள். சொல்லியிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பணம் கொரீனுடையது. துப்பாக்கி மேசைக்கு வந்துவிடும். எல்வுட் தலைநிமிர்ந்து போவார்.

"நூத்து நாற்பது" என்றாள் டார்லா.

6

கொரீன் மூச்சை வெளியே விட்டாள். எல்வுட் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார்.

"கொரி, பறவைக்குச் சூரியகாந்தி விதை தீர்ந்துபோச்சுன்னியே. போய் ஒரு பை எடுத்துட்டு வா. பெரிய பை."

"இப்பவா?"

"இப்ப வாங்காம, அதுங்க பட்டினி கிடந்த பிறகா?"

கொரீன் டார்லாவை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனாள். விதைப் பைகள் கடையின் அந்தக் கோடியில். அவள் காலடிச் சத்தம் போய்த் தேயும்வரை எல்வுட் காத்திருந்தார்.

"உன் சட்டைப் பையில இருக்கிறதுக்கு எவ்வளவு தருவே?"

"அது விலைக்கு இல்ல, எல்வுட்."

"வீட்டுல வச்சுப் பார்த்தேன். ரெண்டு தரம் பார்த்தேன்னு நினைச்சேன்." நிறுத்தினார். "பார்த்தேன்னு நோட்டுலகூட எழுதியிருக்கேன்."

டார்லா சட்டைப் பையின் பொத்தானைப் போட்டாள்.

"நீ அறுநூறு சொல்லியிருந்தா இதைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன், தெரியுமா? கேட்ட விலையை அப்படியே கொடுக்கிறது யாருக்கு? பைத்தியத்துக்குத்தான். சரி, நம்ம கதை முடிஞ்சுதுன்னு தெரிஞ்சிருக்கும்." விரலால் அந்த டேப்பைத் தேய்த்தார். "நூத்து நாற்பது நியாயமான விலைதான். நான் நூத்து அம்பதுன்னு நினைச்சேன்."

"டேப்பு சுத்தாம இருந்தா நூத்து அம்பது."

"அவ உனக்குப் போன் பண்ணாளா?"

டார்லா ஒரு நொடி தயங்கினாள். "பண்ணாங்க."

"மானைப் பத்தியும் சொன்னாளா?"

"சொன்னாங்க."

"அது மான் இல்ல."

"தெரியும்."

"எனக்கு எப்படித் தெரியும்னு கேளேன்." அவர் குரல் இன்னும் தாழ்ந்தது. நான் ஃபில்டரின் பிளாஸ்டிக் உறை சத்தம் போடாதபடி பிடித்துக்கொண்டேன். "நாலு நாளா அவ துணி காயப்போடப் போனாலும், வேட்டை சீசன்ல மான்னு நினைச்சுச் சுட்டுடாம இருக்கப் போடுற ஆரஞ்சு அங்கியை மாட்டிக்கிட்டுப் போறா. தபால் எடுக்கப் போனாலும் ஆரஞ்சு அங்கி. பழுப்புக் கோட்டு ஆணியில இல்ல. சீசன் இன்னும் ஆரம்பிக்கல. தடம் பார்த்தே வாழ்ந்தவன் நான், டார்லா. மண்ணுல கால் பதிஞ்சிருந்தா, அது எப்பப் போச்சு, பயந்து போச்சா சும்மா போச்சான்னு சொல்லிடுவேன். இது தெரியாதா?"

டார்லா கை நீட்டி அவர் கைமேல் வைத்தாள். பதினெட்டு வருடத்தில் அந்த மேசைக்குக் குறுக்கே யாரையும் தொட்டதில்லை அவள்.

"ஸ்கோப்புல பார்த்தேன். அழகா இருந்துச்சு. சுடல" என்றார் எல்வுட். "ஏன் சுடலன்னு எனக்குத் தெரியல. பெட்டை மானைச் சுட அனுமதிச் சீட்டு இல்லையேன்னு யோசிச்சேனா, இல்ல உள்ள எங்கேயோ தெரிஞ்சுதா? அதைத்தான் நாலு நாளா யோசிக்கிறேன். விடை வர்றதுக்குள்ள கேள்வி மறந்துபோகுது. அப்புறம் அந்த அங்கியைப் பார்த்ததும் திரும்ப வந்துடுது."

"உள்ள தெரிஞ்சிருக்கும்" என்றாள் டார்லா.

"அது உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"...தெரியாது."

அவர் சிரித்தார். "பார்த்தியா? அதுக்குத்தான் உன்கிட்ட வந்தேன்."

விதைப் பை தரையில் உரசும் சத்தம் தூரத்தில் கேட்டது. எல்வுட் அவசரமாகச் சொன்னார்: "எனக்குத் தெரியும்னு அவகிட்டச் சொல்லாதே. அவளா நினைச்சுக்கட்டும். மான்னே நான் நினைச்சிட்டிருக்கேன்னு இருந்தா, அவளுக்கு அதுல ஒரு... நல்லா இருக்கும்."

"கேட்டாங்கன்னா நான் பொய் சொல்ல மாட்டேன், எல்வுட்."

"கேட்க மாட்டா. நாற்பத்தாறு வருஷமா நான் யார்கிட்ட என்ன பேசினேன்னு அவ கேட்டதே இல்ல."

கொரீன் வந்தாள். எல்வுட் நூற்று நாற்பதை வாங்கிக்கொண்டு, காகிதங்களில் கையெழுத்துப் போட்டு, நோட்டை எடுத்து நின்றபடியே எழுதினார். எழுதியதைக் கொரீனிடம் காட்டினார். "துப்பாக்கி வித்தாச்சு. டார்லாகிட்ட. நூத்து நாற்பது. சரியான விலை." விதைப் பையைத் தோளில் தூக்கிக்கொண்டு, வண்டியைச் சூடாக்குகிறேன் என்று வெளியே போனார்.

7

முடிவுக்கு முன்னால் துப்பாக்கியின் கதையை முடித்துவிடுகிறேன். அதை உங்கள் ஊகத்துக்கு விடத் தேவையில்லை, நடந்தது தெரியும்.

டார்லா அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டிக்கொண்டாள் என்று எழுத ஒரு நாள் முழுக்க ஆசைப்பட்டேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. அன்று மத்தியானமே இருநூறு என்று சீட்டு ஒட்டி, விரிசலையும் மங்கலையும் அதிலேயே எழுதி, வரிசையில் நிறுத்தினாள். சனிக்கிழமை ஒரு பெண் வந்து வாங்கினாள். முதியோர் இல்லத்தில் உதவியாளர், முதல் வேட்டை சீசனாம்.

"இந்தக் கோடெல்லாம் என்ன?"

"மான். இருபத்திரெண்டு."

"எல்லாமே இந்தத் துப்பாக்கியாலயா? அப்ப விலை ஏத்தியிருக்கணுமே நீங்க" என்றாள் அந்தப் பெண்.

டார்லா அவளுக்குப் பத்து டாலர் குறைத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "அவளுக்குக் கதைக்கு விலை உண்டுன்னு தெரிஞ்சிருக்கு. அந்த வியாதியை ஆரம்பத்துலயே நிறுத்தணும்" என்றாள். இது பொய் என்று நினைக்கிறேன். அவளிடம் சொல்லவில்லை.

இந்தக் கதையை எழுதியதும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன், என்னால் முடிந்த அளவுக்கு அவள் மொழியில். அந்த வடிவத்தில் அவள் முந்நூறு சொல்வதாக வைத்திருந்தேன். பொய்யும் இல்லாமல், கொடுமையும் இல்லாமல், நடுவில் ஒரு விலை. கை காட்டி நிறுத்தினாள்.

"என் பேரை மாத்திக்கோ. அவங்க பேரையும் மாத்திக்கோ. விலையை மட்டும் மாத்தாதே."

மாற்றவில்லை.

8

இனி மிஞ்சியிருப்பது ஒன்றுதான். எல்வுட் வெளியே போன பிறகு, கொரீன் போகவில்லை. அதைச் சொல்ல மீண்டும் அந்த வியாழக்கிழமைக்குப் போக வேண்டும்.

அவள் கோட்டுப் பையிலிருந்து கையை எடுத்தாள். உறை அதில் இருந்தது. மேசைமேல் வைக்கப் போனவளை டார்லா தலையசைத்துத் தடுத்தாள். கொரீன் அதைத் திரும்ப உள்ளே வைத்தாள். பிறகு, நாற்பத்தாறு வருடமாகக் கேட்காதவள், கேட்டாள்.

"என்னை அனுப்பிட்டு அவன் உன்கிட்ட என்ன சொன்னான்?"

அதே நேரம் கடைக்காரர் சாவி வெட்டும் இயந்திரத்தை ஓடவிட்டார். இரும்பு இரும்பை அறுக்கிற சத்தம். டார்லாவின் வாய் அசைந்ததைப் பார்த்தேன். ஒரு வாக்கியம். நீளமானதில்லை. கேட்கவில்லை.

பின்னால் அவளிடம் மூன்று தரம் கேட்டுவிட்டேன். சொல்ல மாட்டேன் என்கிறாள். நானாக மூன்று வாக்கியம் எழுதிப் பார்த்தேன்.

"விலை சரிதான்னு சொன்னார்." உண்மைதான். ஆனால் ஒளிந்துகொள்கிற உண்மை. டார்லா குழலுக்குள் விளக்கடித்துப் பார்க்கிறவள்.

"அவருக்குத் தெரியும், கொரீன்." முழு உண்மை. ஆனால் அந்த மனிதர் கேட்டுக்கொண்ட ஒரே ஒரு விஷயம் அதோடு போயிற்று.

"அதை அவர்கிட்டயே கேளுங்க." இதைத்தான் வெகுநாள் வைத்திருந்தேன். நல்ல வாக்கியம். ஆனால் மறதிக்காரரிடம் போய்க் கேள் என்பதில் ஒரு குரூரம் இருக்கிறது. நாளைக்கு அவரிடம் விடை இருக்குமா என்று யாருக்குத் தெரியும்?

ஆகவே அந்த இடத்தை நான் நிரப்பவில்லை. உங்களுக்கு விட்டுவிடுகிறேன்.

டார்லா சொன்னாள்: "                              "

எழுதுவதற்கு முன்னால், அதற்கப்புறம் நான் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பொருந்துகிறமாதிரி எழுதுங்கள். கொரீன் அந்த வாக்கியத்தைக் கேட்டாள். மேசையில் துப்பாக்கி கிடந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து, கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டு வாசலைத் தாண்டி நடந்தாள். வெளியே முதல் பனி தூறிக்கொண்டிருந்தது. எல்வுட் வண்டியை விட்டு இறங்கி, அவள் ஓட்டப்போகிற பக்கத்துக் கண்ணாடியைத் தன் சட்டைக் கையாலேயே துடைத்துக்கொண்டிருந்தார், அவள் வருவதைப் பார்த்ததும் இன்னும் வேகமாக. கடை வாசலிலிருந்து அந்த வண்டிவரை இருபது அடி இருக்கும். நீங்கள் எழுதுகிற வாக்கியம் எதுவானாலும், அதைச் சுமந்துகொண்டு அவள் அந்த இருபது அடியை நடந்தாக வேண்டும்.